ஸ்டோர் கீப்பரின் விரல்கள்

வீடு
ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

அம்மாவும் நானும் சுகம். படி ஏறினால் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது, ஏறாதே என்றால் கேட்பதில்லை. இருபத்திரண்டு பேருக்குச் சமைத்துப் போடுகிறவன் தான் சாப்பிட மறந்துவிடுவான், அதை முதலில் எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

நீச்சல் குளத்தில் ஒரு விவகாரம். கமிட்டிக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறார், எந்நேரமும் கையில் ஒரு ஃபைல். போன வாரம் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் ஒரு குழந்தையின் அப்பா என் முழங்கை மடிப்பையும் கழுத்தையும் பார்த்துவிட்டார். காற்று வறண்டிருப்பதால் இந்த மாதம் எனக்கு எக்ஸிமா கொஞ்சம் அதிகம், சிவந்துபோய்க் கிடக்கிறது. "டீச்சர் கையில இருக்கிறது படை, தண்ணியில பரவும்" என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு பலகை: 'தோல் நோய் உள்ளவர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது.'

"உங்களை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லலை" என்றார் செயலாளர். "கரையில நின்னு விசில் ஊதிச் சொல்லிக் கொடுங்க. உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி போலிருக்கு, அதை முதல்ல கவனிங்க."

"ஏழு வருஷமா இதே தோலோடதான் இறங்கிட்டிருக்கேன். யாருக்கு வந்திருக்கு?"

"இதுவரைக்கும் வரலைன்னா இனிமேலும் வராதுன்னு அர்த்தமா?"

நீயே சொல் அண்ணா. முதுகுக்குக் கீழே ஒரு கை இல்லாமல் ஐந்து வயதுப் பிள்ளை எப்படி மிதக்கும்? விசில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தவளை

*

கப்பல்
பிப்ரவரி 2

தவளைக்கு,

மூன்று துறைமுகம் சுற்றி உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அம்மாவைப் படி ஏறவிடாதே, மேல் அறைக்குப் பூட்டுப் போடு.

அந்த ஆளின் பலகையைப் பிடுங்கி அவர் முதுகிலேயே மாட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாளே ஒருத்தி, அவள் முன்னால் என் கையை உன் கையோடு தேய்த்து, "எங்க, ஒட்டிச்சா பாரு" என்று காட்டினேன். ஒரு வாரம் தினமும் வந்து என் கையைச் சோதித்துவிட்டுப் போனாள். ஒன்றும் காணோம் என்று அவளுக்குத்தான் ஏமாற்றம்.

ஆனாலும் கொஞ்ச நாள் கரையிலேயே நில். முழுக்கை நீச்சல் உடை கிடைத்தால் வாங்கிப் போட்டுக்கொள். கண்ணில் படாமல் இருந்தால் பேச்சும் அடங்கும். எதிர்ப்பு சக்திக்கு நல்லது என்று இங்கே ஒரு டானிக் சொன்னார்கள், கம்பெனி ஏஜென்ட் மூலம் அனுப்பியிருக்கிறேன். வேளை தவறாமல் குடி.

என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் கப்பல் ஆடுகிறது என்று வைத்துக்கொள். ஒரே ஒரு விஷயம். எங்கள் ஸ்டோர் கீப்பருக்குக் கையில் உனக்கு இருப்பதைப் போலவே ஏதோ வந்திருக்கிறது. நீ என்ன களிம்பு போடுகிறாய், பெயரை எழுது.

அண்ணன்

*

வீடு
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

வீட்டில் குறையில்லை. பூட்டுப் போட்டேன். அம்மா சாவி கேட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டானிக் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டே தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா லேபிளைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"எதிர்ப்பு சக்தி கம்மின்னு யார் சொன்னது? உனக்கு அது வேண்டாத இடத்துல வேலை பார்க்குது. உன் தோல் பிறப்பிலேயே அங்கங்க ஓட்டை விட்ட தோல். ஈரம் வெளியே போயிடும், சோப்பு, தூசி, வேர்வை உள்ளே வந்துடும். உன் எதிர்ப்பு அணுக்கள் அந்தத் தூசியைப் பார்த்துக் கிருமி வந்துடுச்சுன்னு கூப்பாடு போடுது. ஒண்ணு கூப்பிட்டா பத்து வரும். அந்தக் களேபரம்தான் சிவப்பு, வீக்கம், அரிப்பு எல்லாம். நீ சொறிவ. சொறிஞ்சா ஓட்டை பெரிசாகும். மறுபடியும் முதல்லேர்ந்து."

"நிறுத்தவே முடியாதா டாக்டர்?"

"அடக்கலாம். ஓட்டையை அடைக்க ஈரம் காக்கிற களிம்பு, கூப்பாட்டை அடக்க இன்னொரு களிம்பு. அதுக்கும் அடங்காதவங்களுக்குக் கூப்பாடு போற வழியையே மறிக்கிற ஊசி வந்திருக்கு, உனக்கு இப்ப அது வேண்டாம். வேரோட போயிடும்னு யாராவது எதையாவது வித்தா மட்டும் நம்பிடாதே."

"ஒட்டுமா?"

"உன் அணுக்கள் உன் உடம்புக்குள்ள போடற சண்டை. அடுத்தவங்களுக்கு எப்படி ஒட்டும்?" இதையே சான்றிதழாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஏற்கெனவே துள்ளுகிற அணுக்களுக்கு எதற்குத் தெம்பு? பாட்டில் அலமாரியில் இருக்கிறது, வந்து நீயே குடி.

இரண்டு களிம்பின் பெயரும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இரண்டாவதை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்று உங்கள் ஸ்டோர் கீப்பரிடம் சொல். வெந்நீர் வேண்டாம். கழுவிய கை ஈரம் காய்வதற்குள் முதல் களிம்பைத் தடவ வேண்டும். ரப்பர் கையுறைக்குள்ளே பருத்திக் கையுறை போடச் சொல். அடுத்த துறைமுகத்தில் டாக்டரிடம் காட்டட்டும்.

உன் உறையில் துறைமுகத்து முத்திரை இருந்தது. கரையில் கட்டிய கப்பலும் அவ்வளவு ஆடுமா?

தவளை

*

கப்பல்
மார்ச் 18

தவளைக்கு,

சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். வேலை அதிகம், ஒரு பக்கத்துக்கு மேல் எழுத முடியாது.

ஸ்டோர் கீப்பர் களிம்பு வாங்கினார். கொஞ்சம் கேட்கிறது, பிறகு திரும்ப வருகிறது. முதலில் விரல் இடுக்கில் கடுகு கடுகாக நீர்க் கொப்புளம், அப்புறம் வெடிப்பு. எலுமிச்சைச் சாறு பட்டால் உயிர் போகிறது என்கிறார். வெங்காயம் உரித்த அன்றைக்குப் பேனா பிடிக்க முடிவதில்லையாம். இப்போது இரண்டு விரலில் நீர் வடிந்து மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது. டாக்டரிடம் போனால் கேப்டனுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார், பாவம்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாதே. யாரோ ஒருத்தருடைய கதை அம்மாவுக்கு எதற்கு?

சான்றிதழைக் காட்டினாயா?

அண்ணன்

*

வீடு
ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். நான் நலம், ஆனால் வேலையில் இல்லை.

சான்றிதழைக் காட்டினேன். செயலாளர் இரண்டு முறை படித்துவிட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார். "டாக்டர் சொல்றது சரிதான். ஆனா பெத்தவங்க மனசு ஒத்துக்கணுமே" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சங்கடம்தான் இருந்தது. அந்தச் சங்கடத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை பெண்கள் வகுப்பில் இறங்கிவிட்டேன். யாரும் மூழ்கவில்லை, யாரையும் காப்பாற்ற இறங்கவில்லை. வேண்டுமென்றே இறங்கினேன். அதுவும் முழுக்கை உடை இல்லாமல். அந்த வகுப்பில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் அம்மா ஒருவர் இருக்கிறார், அறுபத்திரண்டு வயது. மூன்று மாதமாகக் கம்பியை விடாதவர். "என் கையைப் பார்த்தா பயமா இருக்கா மேடம்?" என்று கேட்டேன். "எனக்குத் தண்ணியப் பார்த்தாத்தான் பயம். உன் கையில என்ன இருக்கு? நல்லாப் பிடிச்சுக்க" என்று முழங்கையையே பற்றிக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மிதந்தார்.

கமிட்டி கூடும்வரை நான் குளத்துப் பக்கம் வரக் கூடாது என்று மாலையே உத்தரவு. எனக்குப் பதில் வந்த பெண் விசில் ஊதுகிறாளாம். வகுப்பில் இருக்கும் ஒன்பது பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் வீட்டுக் கதை பேசிவிட்டுக் கரையேறுகிறார்களாம்.

இனி ஸ்டோர் கீப்பர் விஷயம். மஞ்சளாகக் காய்ந்திருந்தால் வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்திருக்கிறது. இதுவரை சொன்ன சண்டை வேறு, இது வேறு. இதற்கு மருந்து சாப்பிட்டே ஆக வேண்டும், அதுவரை அவர் சமைக்கக் கூடாது. இதில் வீம்பு வேண்டாம். அவரை நம்பி இருபத்திரண்டு பேர் சாப்பிடுகிறார்கள்.

உங்கள் கப்பலில் வெங்காயம் உரிப்பதும் ஸ்டோர் கீப்பர்தானா? அப்புறம் நீ என்ன செய்கிறாய்?

தவளை

*

கப்பல்
மே 4

தவளைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ குழப்பிக்கொண்டாய். ஸ்டோர் கீப்பர் எங்கே சமைக்கிறார்? ஆள் குறைவான நாளில் காய் நறுக்க உதவுவார், அவ்வளவுதான்.

நீ இறங்கியது தைரியம்தான். இருந்தாலும் கமிட்டியின் முன்னால் வாயைக் கொஞ்சம் கட்டு. ஒன்று மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லை என்று சொல். ஏன் என்று என்னைக் கேட்காதே, அப்படிச் சொல்வதுதான் உனக்கு நல்லது.

அம்மாவுக்கு என் அன்பு.

அண்ணன்

*

வீடு
மே 30

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதம் வரும்போது நீ எப்படி இருப்பாயோ என்று பயந்துகொண்டே எழுதுகிறேன். நாங்கள் சுகம்தான்.

நேற்று கமிட்டி. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். புகார் சொன்ன அப்பா ஒரு பக்கம், என் ஒன்பது பேர் மறு பக்கம். நான் அரைக்கைச் சட்டையில்தான் போனேன். நீ சொன்னபடியே செயலாளர் கேட்டார்.

"உங்க வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

இல்லை என்பது எவ்வளவு சின்ன வார்த்தை அண்ணா. நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"இருக்கு. எங்க அண்ணனுக்கு" என்றேன்.

"பார்த்தீங்களா, கூடப் பிறந்தவருக்கே ஒட்டியிருக்கு" என்று அந்த அப்பா எழுந்துவிட்டார்.

"எங்க அண்ணன் பதினாலு வருஷமா கப்பல்ல இருக்கான். வீட்டுக்கு வர்றது வருஷத்துல ரெண்டு மாசம். என் தோல் தபால்ல போயா ஒட்டிச்சு? ரெண்டு பேரும் ஒரே அம்மா வயித்துல பிறந்தோம். ஒரே மாதிரி மூக்கு வந்த மாதிரி இதுவும் வந்திருக்கு."

பின்னாலிருந்து போஸ்ட்மாஸ்டர் அம்மா, "தபால்ல ஒட்டுற நோயா இருந்தா எனக்குத்தான் முதல்ல வந்திருக்கணும். முப்பத்தாறு வருஷம் ஊர்க் கடுதாசியெல்லாம் தொட்டவ நான்" என்றார். கமிட்டித் தலைவரே சிரித்துவிட்டார்.

மூன்றுக்கு இரண்டு என்று எனக்குச் சாதகமாக முடிந்தது. பலகையில் 'தோல் நோய்' என்பதற்கு முன்னால் 'தொற்றும்' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னேன். இடம் போதாமல் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். பெண்கள் வகுப்பு திரும்பக் கிடைத்துவிட்டது. பிள்ளைகள் வகுப்பைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தை நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். நீ என்னிடம் சொல்லவே இல்லை என்பதும் தெரியும். திட்டுவதென்றால் திட்டு. ஆனால் அந்த விரலை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திட்டு.

தவளை

*

வீடு
ஜூலை 6

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. உன்னிடமிருந்து கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறாள். கப்பல் நடுக்கடலில் இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் கப்பல் இரண்டு துறைமுகத்தில் நின்று போனதாக உங்கள் கம்பெனி ஆபீசில் சொன்னார்கள்.

நான் சொன்னதைத் திரும்ப வாங்கமாட்டேன். ஒரு வரி எழுது, போதும்.

தவளை

*

கப்பல்
ஆகஸ்ட் 14

தவளைக்கு,

அம்மாவின் காய்ச்சல் திரும்ப வரவில்லையே?

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் உன்னைத் திட்டித்தான் இருந்தேன். அதைச் சொல்ல நீ யார் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருந்தேன்.

எங்கள் ஸ்டோர் கீப்பருக்குக் குழந்தைத் தோல். அவர் பெயரில் உனக்கு என்னவெல்லாம் எழுதினேன் என்று தெரிந்தால் என்னைக் கடலில் தள்ளிவிடுவார். என் கைதான். போன நவம்பரில் ஆரம்பித்தது.

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உன்னிடம் மறைத்தது அதனால் இல்லை. ஒட்டாது என்று பள்ளிக்கூடத்தில் தேய்த்துக் காட்டிய அதே கை. அதில் வந்திருக்கிறது என்று தெரிந்தால், பார்த்தாயா ஒட்டிவிட்டது என்றுதானே சொல்வார்கள்? அந்த ஃபைல்காரர் கையில் நானே கொண்டுபோய் ஆயுதம் கொடுப்பதா? அதுவும் போகட்டும். என்னால்தான் அண்ணனுக்கு வந்ததோ என்று நீ ஒரு நிமிஷம் நினைத்துவிட்டால்? அதை நினைத்துத்தான் பேனாவை ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பிடித்தேன்.

உன் மே மாதக் கடிதத்தை ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் மதியம், பாத்திரமெல்லாம் கழுவி முடித்த கையோடு கேப்டன் அறைக்குப் போய்க் கையுறையைக் கழற்றி மேசைமேல் விரித்துக் காட்டினேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"எவ்வளவு நாளா?"

"ஒன்பது மாசம் சார். எக்ஸிமா ஒட்டாது. ஆனா இந்த ரெண்டு விரல்ல கிருமி சேர்ந்திருக்கு. அது ஆறுற வரைக்கும் நான் சமைக்கக் கூடாது. முன்னாலேயே சொல்லியிருக்கணும், சொல்லலை. தப்பு என்னோடது."

சமையலறையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த துறைமுகத்தில் டாக்டர். உதவியாள் வைக்கிற சூப்பைக் குடிக்கிற தண்டனை வேறு.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வார்த்தை வரவில்லை.

அண்ணன்

*

வீடு
ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணா,

காய்ச்சல் போயே போய்விட்டது. மேல் அறைச் சாவியையும் அம்மா கண்டுபிடித்து எடுத்துக்கொண்டாள்.

நினைத்தேன். ஒரு நிமிஷம் இல்லை, ஒரு நாள் முழுக்க நினைத்தேன். உன் மார்ச் கடிதத்தில் எலுமிச்சைச் சாறு என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் தெரிந்த எனக்கே, டாக்டர் வாயால் கேட்ட எனக்கே, நான்தான் கொடுத்தேனோ என்று தோன்றியது. அப்படி என்னை நினைக்க வைத்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம், உன் மேல் இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் மறு செவ்வாய்க்கிழமை தண்ணீரில் இறங்கினேன். இதை உன்னிடம் எழுதாமல் விட்டதால் நானும் ஒன்றை மறைத்தவள்தான்.

அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டே, "எனக்கும் உங்க வயசுல கழுத்துல இருந்துச்சு" என்றாள்.

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"யாரு கேட்டா? தலைமுடியைத் தழையப் பின்னிப் போட்டு மறைச்சுக்கிட்டேன். எங்க அப்பாவுக்குக் காலில. அவர் செருப்பே கழட்டமாட்டார்."

மூன்று தலைமுறை அண்ணா. செருப்பு, பின்னல், கையுறை, ஸ்டோர் கீப்பர். போதும் என்று தோன்றவில்லையா உனக்கு?

பிள்ளைகள் வகுப்பு போன வாரம் திரும்பக் கிடைத்தது. பதினான்கு பேரில் எட்டுப் பேர்தான் வந்தார்கள். அந்த அப்பா தன் பெண்ணை வேறு குளத்தில் சேர்த்துவிட்டார். போகட்டும். எட்டுப் பேருக்கும் முதுகுக்குக் கீழே கை வைக்கிறேன். வகுப்பு நடுவில் அரித்தது, சொறிந்தேன். "ஏன் மிஸ் சொறியிறீங்க?" என்றாள் ஒரு வாண்டு. "என் தோலுக்கு என்கூட சண்டை" என்றேன். "யார் ஜெயிப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நீந்திப் போய்விட்டாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. நல்லதானாலும் கெட்டதானாலும், இந்தத் தடவை உன் பெயரிலேயே எழுது.

தவளை

*

கப்பல்
அக்டோபர் 5

தவளைக்கும் அம்மாவுக்கும்,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

கிருமி போய்விட்டது. மாத்திரை முடிந்ததும் துறைமுக டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, சமைக்கத் தடையில்லை, இது ஒட்டும் நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். உள்ளே பருத்தி, மேலே ரப்பர் என்று இரண்டு கையுறை. வெடிப்பு இருக்கிறது, அரிப்பு இருக்கிறது. அவை போகுமென்று அவரும் சொல்லவில்லை.

கேப்டன் நல்ல மனுஷன்தான். "நீ உள்ளேயே சமை. ஜன்னல்ல நின்னு பரிமாறுறதை உதவியாள் பார்த்துக்கட்டும். ஆளுங்க கண்ணுல படாம இருந்தா பிரச்சினை வராது" என்றார். பிப்ரவரியில் நான் உனக்கு எழுதிய அதே புத்திமதி. அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது.

"நான் சமைச்சதை நானே போடுறேன் சார். சாப்பிடறவங்க சாப்பிடட்டும்" என்றேன்.

முதல் நாள் ஏழு பேர் வரவில்லை. டாக்டர் தாளைச் சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டினேன். மூன்றாம் நாள் ஒருவர்தான் பாக்கி, எஞ்சின் அறை மேஸ்திரி. மேசையின் கடைசியில் உட்கார்ந்து, எல்லார் கண்ணிலும் படும்படி பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். நான் அவருக்காகத் தனியாக எதுவும் செய்யவில்லை, கூப்பிடவும் இல்லை.

ஆறாம் நாள் வரிசையில் வந்து நின்றார். தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"கை இப்ப எப்படி இருக்கு?"

"அரிக்குது."

"அப்ப இன்னும் சரியாகலையா?"

"சரியாகாதுங்க. அது பாட்டுக்கு இருக்கும், நான் பாட்டுக்குச் சமைப்பேன். பின்னால ஆளுங்க நிக்கிறாங்க. தட்டை நீட்டுறீங்களா, இல்ல நகர்ந்துக்கிறீங்களா?"

 அவர் என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். அப்புறம் தட்டை நீட்டினார்.

மற்றவர்களுக்குப் போட்ட அளவுதான் போட்டேன். ஒரு கரண்டி அதிகமும் இல்லை, குறைச்சலும் இல்லை.

அண்ணன்